ஐம்பது, அறுபது, நூற்று நாற்பத்து நான்கு: திரை எண்களின் வரலாறு

சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடையோர் தொடர்க.

கேமிங் மானிட்டர் வாங்கச் செல்லும் இளைஞர்கள் இருவகை எண்களுக்கிடையே நின்று தடுமாறுகின்றனர். 1080, 1440, 4கே என்பன ஒருபுறம். 60, 100, 144, 240 என்பன மறுபுறம். முன்னவை பிரிதிறனைச் சுட்டுவன. பின்னவை, திரை ஒரு விநாடியில் எத்தனை முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறது என்பதைச் சுட்டுவன. கையிலுள்ள பணம் இரண்டையும் ஒருசேர உயர்த்தப் போதாது. ஆகவே தெளிவா, வேகமா என்ற வினா எழுகிறது. இவ்வினா 1936ஆம் ஆண்டிலேயே எழுந்துவிட்டது என்பதையும், இந்த எண்களுள் பல மனிதக் கண்ணின் தேவையை விட மின்நிலையங்களுக்கும் ஒளிபரப்புக் குழுக்களுக்கும் கம்பிகளின் கொள்ளளவுக்கும் கடன்பட்டவை என்பதையும் விளக்குவதே இப்பதிவின் நோக்கம்.

உல்லாஸ்நகரிலிருந்தே தொடங்குவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைவீரர்கள் தங்கிச் செல்வதற்கெனக் கல்யாண் அருகே அமைக்கப்பட்ட முகாமில், நாட்டுப் பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியேற்றப்பட்டனர். 1949 ஆகஸ்ட் 8 அன்று அங்கே ஒரு நகருக்கு அடிக்கல் நாட்டியவர் அன்றைய தலைமை ஆளுநர் ராஜாஜி. மும்பையின் விளிம்பில் வாழும் தமிழருள் பலர் இதனை அறியார். அருகில் ஓடும் உல்லாஸ் ஆறு நகருக்குப் பெயர் தந்தது. இன்றும் இங்கு முகவரி சொல்வோர் 'கேம்ப்' என்ற சொல்லுடன் ஒன்று முதல் ஐந்து வரையான எண்ணைச் சேர்த்தே சொல்வர். சொல் தன் பழைய பொருளை இழந்த பின்னும் வாழ்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நிலமும் கடையும் இழந்து வந்த மக்கள் ஆடை, அறைகலன், மின்சாதனம் எனக் கைக்கெட்டிய தொழில்களிலெல்லாம் ஈடுபட்டனர். 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்றால் 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்று பொருள் கொள்ளும் ஏளனம் மும்பை முழுவதும் பரவியது. அவ்வேளனத்திற்குப் பின்னர் வருகிறேன்.

உல்லாஸ்நகர் நிலையம் வழியாகச் செல்லும் புறநகர் மின்வண்டிகளுள் சிலவற்றின் கடைசி நிலையம் கோப்போலி. அங்கே 1915இல் டாடா நீர்மின் நிலையம் பம்பாய்க்கு மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அம்மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. 50 என்ற இவ்வெண் 1890களில் ஜெர்மனியின் ஏ.ஈ.ஜி. நிறுவனம் தேர்ந்துகொண்டது, ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் 60ஐத் தேர்ந்தது. இரண்டிற்கும் அந்நாளைய பொறியியல் காரணங்கள் இருந்தன. தொலைக்காட்சி என்ற ஒன்று வரும் என்பதும், மின்னாக்கியின் சுழற்சி ஒருநாள் வீட்டுத் திரையின் துடிப்பை நிர்ணயிக்கும் என்பதும் அவர்கள் எண்ணத்தில் இருந்திருக்க இயலாது.

திரைப்படத்தைப் பொறுத்தவரை சிக்கல் எளிதாகத் தீர்ந்தது. பேசும்படம் வந்தபோது விநாடிக்கு 24 படங்கள் என்ற அளவு நிலைபெற்றது. 24 முறை மட்டுமே ஒளி வந்து மறைந்தால் கண் கூசும். எனவே ஒளிவீழ்த்தியின் சுழலும் மூடி ஒவ்வொரு படத்தையும் இரண்டு அல்லது மூன்று முறை மறைத்துக் காட்டியது. 24 படங்கள் 48 அல்லது 72 மினுக்கல்களாயின. அசைவு தோன்றுவதற்குத் தேவையான எண்ணும் சிமிட்டல் மறைவதற்குத் தேவையான எண்ணும் வெவ்வேறானவை என்ற உண்மையை மாட்டுங்காவின் அரோரா திரையரங்கில் தமிழ்ப்படம் பார்த்தோர் அனைவரும் தம்மை அறியாமலே துய்த்திருந்தனர்.

தொலைக்காட்சியில் இவ்வுத்தி எளிதில் கைகூடவில்லை. 1936 நவம்பரில் பி.பி.சி. லண்டன் அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியபோது இரு முறைகளை மாறிமாறிச் சோதித்தது. பேர்டு நிறுவனத்தின் முறையில் 240 வரிகள். ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழாக முழுமையாக, விநாடிக்கு 25 முறை. மார்க்கோனி - இ.எம்.ஐ. முறையில் 405 வரிகள். விநாடிக்கு அதே 25 படங்கள்தாம், ஆயினும் முதலில் ஒற்றை வரிகளையும் பின்னர் இரட்டை வரிகளையும் வரைந்து ஒரு படத்தை இரு பாதிகளாகக் காட்டியமையால் திரை 50 முறை ஒளிர்ந்தது. இவ்விடைப்பின்னல் முறை, நெசவில் ஊடுநூல் பாய்வதைப் போன்றது. வரிகளைப் பெருக்கியும் சிமிட்டலைக் குறைத்தும் அலைவரிசையின் அகலத்தை அது கட்டுக்குள் வைத்தது. மூன்று மாதங்களில் பேர்டு முறை கைவிடப்பட்டது. அதன் கருவிகள் பருமனும் அசையாத்தன்மையும் கொண்டிருந்தமை தோல்விக்கு மற்றொரு காரணம். எனினும் அருகருகே வைத்துப் பார்த்தவர்க்குப் படத்தின் வேறுபாடே போதுமானதாயிருந்தது.

50 என்ற எண் இங்கு வந்தது இங்கிலாந்தின் மின்சாரத்திலிருந்து. அக்காலக் கருவிகளின் மின்வழங்கியில் எஞ்சிய அதிர்வு திரையில் நிழற்பட்டையாகத் தெரிந்தது. திரையின் துடிப்பு மின்சாரத்தின் துடிப்போடு ஒத்திருந்தால் அப்பட்டை ஓரிடத்தில் நின்றுவிடும். ஒத்திராவிடில் மேலும் கீழும் ஊர்ந்து கண்ணைக் கெடுக்கும். அமெரிக்கர் இதே காரணத்தால் 60ஐக் கொண்டனர்.

இப்பொழுது ஓர் எளிய பெருக்கல். 1941இல் அமெரிக்கா ஏற்ற தரம் 525 வரிகள், விநாடிக்கு 30 முழுப் படங்கள்: விநாடிக்கு 15,750 வரிகள். போருக்குப் பின் ஐரோப்பாவின் பெரும்பகுதி ஏற்ற தரம் 625 வரிகள், 25 முழுப் படங்கள்: விநாடிக்கு 15,625 வரிகள். இரண்டும் ஏறத்தாழச் சமம். ஒரே செலவில் அமெரிக்கர் வேகத்தையும் ஐரோப்பியர் தெளிவையும் வாங்கினர் என்பதே இதன் பொருள். (405, 525, 625 ஆகிய மூன்றும் ஒற்றைப்படை எண்களாயிருப்பதும் தற்செயலன்று. பாதிப் படம் பாதி வரியில் முடிந்தால்தான் அடுத்த பாதி இடையே சென்று பொருந்தும். மூன்றும் 3, 5, 7 போன்ற சிறிய எண்களின் பெருக்கமாயிருப்பதற்குக் காரணம், அன்றைய சுற்றுகளால் சிறிய எண்களால் மட்டுமே நம்பகமாக வகுக்க முடிந்தமை.)

தெளிவின் மீது அளவிறந்த பற்றுக் கொண்டால் என்னவாகும் என்பதற்குப் பிரான்சு எடுத்துக்காட்டு. 1948இல் அந்நாடு 819 வரிகளைத் தன் தேசியத் தரமாக ஆக்கியது. அவ்வாணையில் ஒப்பமிட்டவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான பிரான்சுவா மித்தரான். படம் மிக அழகாயிருந்தது. ஆனால் ஒவ்வோர் அலைவரிசையும் பிறநாடுகளின் அலைவரிசையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு இடத்தை விழுங்கியது. அண்டை நாடுகளின் பெட்டிகளும் அதற்குப் பொருந்தவில்லை. 1980களில் அது முற்றிலும் மறைந்தது.

1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொலைக்காட்சி தொடங்கியபோது இந்தியா 625 வரி, 50 துடிப்புத் தரத்தை ஏற்றது. பம்பாய்க்கு 1972 அக்டோபர் 2இலும், சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15இலும் தொலைக்காட்சி வந்தது. 1982இல் வண்ணம் வந்தபோதும் அவ்விரு எண்கள் மாறவில்லை. வாங்குவோரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, கேட்பதற்கும் ஒன்றுமில்லை. கடையில் எத்தனை அங்குலம், எந்த நிறுவனம் என்பவையே வினாக்களாயிருந்தன.

ஜப்பானின் கதை இதிலிருந்து சற்று விலகுகிறது. அந்நாட்டின் கிழக்கே 50, மேற்கே 60 என இருவகை மின்சாரம் உண்டு. டோக்கியோவில் 50. ஆயினும் 1953இல் அங்கு ஒளிபரப்பு தொடங்கியபோது நாடு முழுவதற்கும் அமெரிக்கத் தரமான 60ஏ கொள்ளப்பட்டது. 1983இல் நின்டெண்டோ தன் விளையாட்டுக் கருவியை வடிவமைத்தபோது அதன் காலக்கணக்கு அந்த 60ஐ ஒட்டியே அமைந்தது. பல விளையாட்டுகளில் கடிகாரம் என்று தனியே ஒன்றில்லை. திரை ஒருமுறை துடித்தால் பாத்திரம் ஓரடி நகரும், அவ்வளவே. அவ்விளையாட்டை மாற்றமின்றி 50 துடிப்புத் தொலைக்காட்சியில் ஓட்டினால் எல்லாம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் நடக்கும். பத்து நிமிட ஆட்டம் பன்னிரண்டு நிமிடமாகும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 'சோனிக்' ஆடிய குழந்தைகள் ஜப்பானியக் குழந்தைகளை விட மெதுவாக ஓடும் சோனிக்கையே கண்டனர். தொண்ணூறுகளில் இந்தியக் கடைத்தெருக்களை நிறைத்த நின்டெண்டோ நகல் கருவிகளும் 50 துடிப்புத் தொலைக்காட்சியோடு இணைக்கப்பட்டவையே. அன்று விளையாடியோர் நினைவிலுள்ள வேகம், அவ்விளையாட்டை எழுதியவர் எண்ணிய வேகமாயிருக்கத் தேவையில்லை.

60 என்ற எண் இந்திய வீட்டுக்குள் நுழைந்தது கணினியின் வழியாக. ஐ.பி.எம். நிறுவனத்தின் 1981ஆம் ஆண்டு ஒற்றைவண்ணத் திரை 350 வரிகளில் எழுத்தை மிகத் தெளிவாகக் காட்டியது. அதன் வீதம் 50 மட்டுமே. சிமிட்டலை மறைக்க, மெதுவாக அணையும் பச்சைப் பூச்சு பயன்பட்டது. விளைவு: எழுத்து நிலையாக நின்றது; ஆனால் நகரும் எதுவும் பின்னால் ஒரு பச்சை நிழலை இழுத்துச் சென்றது. அலுவலகத்திற்கு அது போதும், ஆட்டத்திற்கு ஆகாது. 1987இல் வந்த வி.ஜி.ஏ. 640×480 புள்ளிகளை விநாடிக்கு 60 முறை காட்டியது. அதன் பின் ஒரே வீட்டில், 50 சுழற்சி மின்சாரம் தரும் ஒரே சுவர்த்துளையில், 50இல் துடிக்கும் தொலைக்காட்சியும் 60இல் துடிக்கும் கணினியும் அருகருகே செருகப்பட்டன. மின்நிலையத்திற்கும் திரைக்கும் இருந்த உறவு அறுந்த இடம் அதுவே. விண்டோஸின் திரை அமைப்புகளில் இன்றும் சிலருக்கு '59.94' என்றொரு விந்தையான தெரிவு காணப்படும். அது 1953இல் அமெரிக்கர் கறுப்பு-வெள்ளை ஒளிபரப்பில் வண்ணத்தைச் சேர்த்தபோது, ஒலியோடு வண்ணம் மோதாதிருக்க 60ஐச் சிறிதே குறைத்ததன் எச்சம். மொழியில் காணும் புதைபடிவச் சொற்களை எனக்கு நினைவூட்டுவது.

குழாய்த்திரைக் காலத்தின் இறுதியில் 85, 100 என வீதம் உயர்ந்திருந்தது. எல்.சி.டி. வந்ததும் மீண்டும் 60க்கு இறங்கியது. இத்திரை ஒளிர்ந்து அணைவதில்லை. ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை பிடித்துவைக்கிறது. ஆதலால் சிமிட்டல் இல்லை, 60 போதும் என்று கருதப்பட்டது. ஆனால் பிடித்துவைத்தலே புதிய குறையைத் தந்தது. நகரும் பொருளைக் கண் தொடர்ந்து செல்கிறது, படமோ 16.7 மில்லிவிநாடி அசையாது நிற்கிறது. இம்முரண் விழித்திரையில் கலங்கலாகப் பதிகிறது. 1080 திரையில் விநாடிக்கு 960 புள்ளிகள் நகரும் ஒரு பாத்திரம், 60இல் 16 புள்ளி அகலத்திற்குக் கலங்கும். 240இல் 4 புள்ளி அகலத்திற்கு மட்டுமே. அதே அளவுள்ள 4கே திரையில் அதே ஓட்டம் 1,920 புள்ளிகளாகும்; 60இல் கலங்கல் 32 புள்ளி. அதாவது நான்கு மடங்கு புள்ளிகளுக்குப் பணம் கொடுத்தவர், பொருள் அசையத் தொடங்கிய கணமே அவற்றை இழந்துவிடுகிறார்.

இதற்குத் தீர்வு வந்த வழி வேடிக்கையானது. 2009இல் என்விடியா, முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து விளையாடும் முறையொன்றை விற்க முற்பட்டது. ஒரு கண்ணுக்கு 60 வீதம் இரு கண்களுக்கு 120 தேவைப்பட்டமையால் 120 ஹெர்ட்ஸ் திரைகள் செய்யப்பட்டன. கண்ணாடிகள் சில ஆண்டுகளில் மறக்கப்பட்டன. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அத்திரைகளில் துப்பாக்கி ஆட்டம் ஆடியோர், அசைவு தெளிவாயிருப்பதைக் கண்டு 120ஐ விடாது பற்றிக்கொண்டனர். 2012 அளவில் 144 வந்தது. அது 24இன் ஆறு மடங்கு; அன்றைய இரட்டை இணைப்பு டி.வி.ஐ. கம்பி 1080 பிரிதிறனில் தாங்கக்கூடிய எல்லைக்கும் மிக அருகிலுள்ள எண். 2013இல் என்விடியா அறிவித்த ஜி-சிங்க், அதன் பின் பொதுத்தரமாக வந்த அடாப்டிவ்-சிங்க் ஆகியவற்றால், கணினி ஒரு படத்தை முடிக்கும்வரை திரை காத்திருக்கும் நிலை உருவாயிற்று. ஏ.ஈ.ஜி. பொறியாளர் காலந்தொட்டு நிலையான ஓர் எண்ணாயிருந்த துடிப்பு இன்று கணத்துக்குக் கணம் மாறுகிறது.

மீண்டும் ஒரு பெருக்கல். 4கே திரையில் 3840×2160 புள்ளிகள். விநாடிக்கு 60 முறை எனில் 49,76,64,000 புள்ளிகள். 1080 திரையில் 1920×1080 புள்ளிகள். விநாடிக்கு 240 முறை எனில் அதே 49,76,64,000. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை, கூடவில்லை. 525/60, 625/50 ஆகியவற்றிடையே அன்றைய குழுக்கள் செய்த தேர்வையே இன்று உல்லாஸ்நகர்க் கடையில் பத்தொன்பது வயது மாணவர் தனியாக நின்று செய்கிறார். அவருக்குத் துணையாக இருப்பது அட்டைப்பெட்டியின் மேலுள்ள எழுத்து மட்டுமே.

அவ்வெழுத்தும் நேர்மையானதன்று. 1080, 1440 என்பன குறுக்கு வரிகளின் எண்ணிக்கை, தொலைக்காட்சி மரபு. 4கே என்பது நெடுக்கு நிரல்களின் எண்ணிக்கை, திரைப்பட மரபு. அதிலும் இருப்பவை 3,840, நாலாயிரம் அல்ல. அளவுகோலை நடுவே திருப்பிவைத்தமையால், 1080இலிருந்து 2160க்குச் சென்ற இருமடங்கு ஏற்றம் ஆயிரத்திலிருந்து நாலாயிரத்திற்குத் தாவியதாகக் காதில் விழுகிறது. இயற்பியல் பாடநூல்களில் நாம் கற்ற 'பிரிதிறன்' என்ற தமிழ்ச்சொல் இங்கு நமக்கு உதவுகிறது. அருகருகேயுள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறனே அது. வெறும் புள்ளி எண்ணிக்கை அதனைத் தராது. திரையின் அளவும் கண்ணின் தொலைவும் சேர்ந்தே தரும். 24 அங்குலத்தில் 1080 என்பது ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 92 புள்ளி. அதே 1080, 27 அங்குலத்தில் 82 ஆகக் குறைகிறது. 27 அங்குலத்தில் 1440 என்றால் 109. 4கே என்றால் 163.

கடையின் காட்சித்திரைகளும் ஒருதலையானவை. அவற்றில் ஓடுவன பனிமலை, பூவிதழ், மெல்ல நகரும் மேகம். பிரிதிறனை மட்டும் காட்டக்கூடிய படங்கள். விளம்பரப் படத்திலும் தெளிவைக் காட்டலாம்; வேகத்தைக் காட்ட வழியில்லை. ஆகவே கண்ணால் பார்த்து வாங்குவதாக நம்புவோர் பெரும்பாலும் தெளிவையே வாங்கி வருகின்றனர்.

முன்னர்ச் சொன்ன ஏளனத்திற்கு வருகிறேன். உல்லாஸ்நகரில் பிறர் செய்த உறுப்புகளைக் கோத்துத் தம் பெயரை ஒட்டி விற்றனர் என்பதே குற்றச்சாட்டின் சாரம். இன்று உலகில் மானிட்டருக்கான பலகங்களைச் செய்வோர் பி.ஓ.ஈ., எல்.ஜி., சாம்சங், ஏ.யு.ஓ., இன்னோலக்ஸ் போன்ற மிகச் சிலரே. எஞ்சிய புகழ்பெற்ற பெயர்களுட் பல, அப்பலகங்களை வாங்கிச் சட்டமும் மின்சுற்றும் பூட்டித் தம் பெயரை ஒட்டுவனவே. அகதி முகாமில் செய்தால் போலி, வெளிநாட்டு வணிகப்பெயரில் செய்தால் தரம் என்ற வழக்கை நான் ஏற்பதில்லை. வாங்குவோர்க்கு இதிலுள்ள பயன்: இரு வேறு பெயர்களுள்ள, விலையில் பெரிதும் வேறுபட்ட திரைகளுக்குள் ஒரே பலகம் இருக்கக்கூடும். பெயரைவிடப் பலக வகையையும், ஒரு நிறத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் உண்மையான நேரத்தையும் பார்ப்பது நலம். அட்டையிலுள்ள '1 மில்லிவிநாடி'யை அந்நேரமாகக் கொள்ள வேண்டா.

எதை வாங்குவது? திரைக்கு முன் வரைகலை அட்டையைப் பார்க்க வேண்டும். பிரிதிறன் உயர்ந்தால் சுமை அட்டையின் மேல் விழும். 4கே என்பது 1080ஐப் போல நான்கு மடங்கு வேலை. வீதம் உயர்ந்தாலோ மையச் செயலிக்கும் அதே விரைவு வேண்டும். நடுத்தர அட்டையுடைய, போட்டி ஆட்டம் ஆடுவோர்க்கு 24 அங்குலம், 1080, 144 அல்லது அதனை அடுத்த எண்களே போதும். 60இலிருந்து 144க்குச் சென்றால் ஒவ்வொரு படத்திலும் 9.7 மில்லிவிநாடி மிச்சமாகிறது. 144இலிருந்து 240க்குச் சென்றால் 2.8 மட்டுமே. பின்னதற்குத் தரும் கூடுதல் பணம் பெரும்பாலோர்க்கு வீண் என்பது என் கருத்து.

ஆனால் தமிழ் வாசிப்போர்க்கு ஒரு விலக்கு உண்டு. இரவில் ஆடும் திரையிலேயே பகலில் ஆய்வேடும் நாளிதழும் படிப்போர் நம்முள் பலர். இலத்தீன் எழுத்துக்குப் போதும் புள்ளிகள் தமிழுக்குப் போதா. ணகரத்தின் சுழிகள், ழகரத்தின் கீழ்க்கால், மெய்யின் தலைப்புள்ளி, இகர ஈகார வேறுபாடு ஆகியவை எல்லாம் சிறிய இடத்திற்குள் அடங்க வேண்டும். 27 அங்குல 1080 திரையில் 'ரி', 'ரீ' இரண்டையும் பிரித்தறிய நான் முன்னே குனிந்திருக்கிறேன். அத்தகையோர் 27 அங்குலத்தில் 1440ஐக் கொள்வது தக்கது. வீதத்தில் சற்று விட்டுக்கொடுக்கலாம்.

கிரிக்கெட் பார்ப்போர்க்கும் ஒரு சொல். இந்திய ஒளிபரப்பு இன்றும் 25, 50 என்ற பழைய எண்களின் வழியிலேயே செல்கிறது. 50 படங்களை 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினால் சீராகப் பங்கிட இயலாது. ஒவ்வோர் ஐந்தாம் படமும் இருமுறை தங்கும். பந்து உருளும்போது மெல்லிய திக்கல் தெரியும். 144இலும் 50 முழுமையாக அடங்குவதில்லை. அலுவலகத் திரை என்று சொல்லிக் குறைந்த விலையில் விற்கப்படும் 100 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் சரியாக இருமுறை வந்துவிடும்.

வாங்கி வந்தபின் கம்பியைக் கவனியுங்கள். எச்.டி.எம்.ஐ. 1.4 வழியாக 4கே 30 மட்டுமே வரும், 2.0 வழியாக 60 வரும். டிஸ்பிளேபோர்ட் இருப்பின் அதனையே பயன்படுத்துக. பிறகு விண்டோஸின் திரை அமைப்புகளில் உயர்நிலைக் காட்சிப் பகுதியைத் திறந்து வீதத்தைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கி, பல மாதங்கள் அதனை 60இலேயே ஓட்டிக்கொண்டிருந்தோர் என் நண்பர்களுள் மட்டும் மூவர்.